வானில் விரைவோரும் மண்ணில் கேட்போரும்

கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையேனும் நின்றிராத புனே வாசி இருத்தல் அரிது. சுட்ட சோளக்கதிரின் மணமும் வெங்காய பஜ்ஜியின் புகையும் ஒருபுறம். சிங்ககட் மலையின் நெடிய நிழல் மற்றொருபுறம். நீருக்கு அப்பால் தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் பரந்த வளாகம். அங்கே பயிலும் இளைஞர்கள் ஓட்டும் சிறிய கிளைடர் விமானம் சில வேளைகளில் தலைக்கு மேலே செல்லும். அது செல்லும் விரைவைக் காண்போர், அதைப் பருந்தென்றே மயங்கலாம். அத்துணை மெதுவாக, அத்துணை அமைதியாக அது வட்டமிடும். அவ்வாறு பயின்றவர்களில் சிலரே பின்னாளில் ஒலியினும் விரைந்து செல்லும் போர்விமானங்களை ஓட்டினர். 1963இல் நம் வான்படையில் சேர்ந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 அவற்றுள் முதலாவது.

இக்கரையில் நின்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது போர்விமானத்தைப் பற்றியன்று. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒலியை முந்திச் செல்லும் விமானங்கள் மீண்டும் வரக்கூடும் என்னும் செய்தியைப் பற்றியது. 2003 அக்டோபர் 24ஆம் நாள் கான்கார்டு தன் இறுதிப் பயணிகளை இறக்கிவிட்ட பின்னர், அக்கனவு முடிந்துவிட்டதென்றே உலகம் கருதியிருந்தது. 2025ஆம் ஆண்டிலோ மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஜனவரி 28ஆம் நாள் பூம் சூப்பர்சானிக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் சோதனை விமானமொன்று கலிபோர்னியப் பாலைவனத்தின் மீது ஒலியின் விரைவைக் கடந்தது. ஜூன் 6ஆம் நாள், நிலத்தின் மீது பயணி விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறத்தலாகாதென 1973இல் அந்நாடு விதித்த தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். அக்டோபர் 28ஆம் நாள் நாசாவின் எக்ஸ்-59 முதன்முறையாகப் பறந்தது. விரைவை விரும்புவோர் மகிழ்ந்தனர். நம்மையோ ஒரு கேள்வி வந்து பற்றிக்கொண்டது: வானில் ஒருவர் விரைவதற்காக மண்ணில் இருப்பவர் எதைப் பொறுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்?

கேள்வியை விளங்கிக்கொள்ள இந்த நீரே நமக்கு ஆசான். விசைப்படகொன்று விரைந்து செல்லும்போது அதன் முனையிலிருந்து இருபுறமும் அலை பிரிந்து, கூம்புபோல் விரிந்து பின்தொடர்கின்றது. படகு கடந்து போன பின்னரே அந்த அலை கரையை அடைகின்றது. கரையோரம் துணி துவைப்பவளின் வாளியைக் கவிழ்ப்பது படகன்று. படகு விட்டுச்சென்ற அலை. அதுபோலவே, ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்தின் முன்னே காற்று விலகிக்கொள்ள நேரமின்றி நெருக்குண்டு, அழுத்த அலையாகித் தரைவரை இறங்குகின்றது. அதுவே இடிமுழக்கமாக நம் செவியில் விழுகின்றது.

இதில் பலர்க்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒலியின் எல்லையைக் கடக்கும் அந்த ஒரு நொடியில் மட்டுமே முழக்கம் எழும் என்றும், பின்னர் அமைதியென்றும் கருதுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. விமானம் ஒலியை மிஞ்சிச் செல்லும் நேரமெல்லாம் அந்த அலை, தரையின் மீது இழுத்துச் செல்லப்படும் கம்பளத்தைப் போல் அதனைத் தொடர்கின்றது. அக்கம்பளத்தின் அகலம், ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு மைல் என்பது அறிஞர் கணக்கு. அறுபதாயிரம் அடி உயரத்தில் பறந்த கான்கார்டு, அக்கணக்கின்படி, நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தின் மீது தன் முழக்கத்தை விரித்துச் செல்லவல்லது. வழியிலுள்ள ஒவ்வோர் ஊரும் ஒருமுறை அதிரும். விமானத்தினுள் இருப்போர்க்கோ அது கேட்பதே இல்லை. அவர்கள் தம் ஒலியை முந்திச் சென்றுவிடுகின்றனர்! அறத்தைப் பற்றிச் சிந்திப்போர்க்கு இவ்வொரு செய்தி போதும் எனத் தோன்றுகின்றது. செய்தவனுக்குக் கேட்காத ஒலியை, செய்யாதவன் கேட்கின்றான்.

கான்கார்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். பிரிட்டனும் பிரான்சும் கூடி உருவாக்கியது. 1969 மார்ச்சில் முதன்முறை பறந்தது. 1976 ஜனவரி 21இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. மணிக்கு ஏறத்தாழ 2,180 கி.மீ. விரைவு. ஏறத்தாழ நூறு பேர் அமரலாம். லண்டனிலிருந்து நியூயார்க்கிற்கு மூன்றரை மணி நேரம். முன்மாதிரிகள் உட்பட மொத்தம் கட்டப்பட்டவை 20. விமான நிறுவனங்களுக்காகப் பறந்தவை 14. 2000 ஜூலை 25ஆம் நாள் பாரீசுக்கு அருகே ஒன்று வீழ்ந்து 113 பேர் மாண்டனர். சோவியத் நாட்டின் டியூ-144 அதற்கும் முன்னரே, 1968ஆம் ஆண்டின் கடைசி நாளில், வானேறியது. ஆயினும் அது பயணிகளைச் சுமந்த தடவைகள் 55 மட்டுமே. அமெரிக்கா தன் திட்டத்தை 1971இலேயே கைவிட்டது.

இக்கதையில் இந்தியாவிற்கும் பங்குண்டு என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். 1960களில் ஏர் இந்தியா நிறுவனமும் இரண்டு கான்கார்டு விமானங்களுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தது, பின்னர் கைவிட்டது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இணைந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்னும் வழியில் கான்கார்டை இயக்கின. ஒரே விமானத்தின் ஒருபக்கம் ஒரு நிறுவனத்தின் வண்ணம், மறுபக்கம் மற்றொன்றின் வண்ணம்! மூன்று முறை சென்று திரும்பியதும் மலேசியா தடுத்தது. 1979இல் மலேசிய வான்வெளியை விலக்கிப் புதிய வழியில் மீண்டும் தொடங்கினர். ஆனால் இந்திய வான்வெளியில் ஒலியை மிஞ்சிப் பறக்க அனுமதி கிட்டவில்லை. 1980இல் அந்தச் சேவையே நின்றது.

அந்த மறுப்பு அறத்தால் எழுந்ததா, பேரத்தால் எழுந்ததா என்று கேட்போர் உளர். அரசுகளின் மறுப்புகளில் இரண்டும் கலந்தே இருக்கும். முன்னர் தானே இரண்டு விமானங்களை விரும்பிய நாடு, பிறர் ஓட்டும்போது மறுத்ததில் ஒரு முரண்பாடும் தென்படுகின்றது. எனினும் அதனால் விளைந்த பயன் மெய்யானது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விரையும் நூறு பேரின் பொருட்டு, அவர்களை வாழ்நாளில் காணப்போகாத இலட்சக்கணக்கான இந்தியர் அதிர்ந்து எழவேண்டிய நிலை வரவில்லை. நன்மை நல்லெண்ணத்தால் மட்டுமே விளையவேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்வதற்கில்லை.

அத்தகைய முழக்கம் எத்தகையது என்பதைப் பெங்களூர் மக்கள் அறிவர். 2020 மே 20ஆம் நாள் நண்பகல் கழிந்த வேளையில் அந்நகரில் பேரொலி ஒன்று கேட்டது. கொள்ளைநோயின் ஊரடங்கால் தெருக்கள் அடங்கியிருந்த காலம் அது. நிலநடுக்கமோ, எங்கேனும் வெடித்ததோ என்று மக்கள் வாசலுக்கு ஓடிவந்தனர். வான்படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்த விமானமொன்று நகரின் எல்லைக்கு வெளியே நெடுந்தொலைவில், முப்பத்தாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒலிமிஞ்சிய விரைவிலிருந்து குறைந்தபோது எழுந்த ஒலியாக அது இருக்கலாமெனப் பின்னர் பாதுகாப்புத் துறை விளக்கியது. ஒரே ஒரு விமானம். ஒரே ஒரு முறை. இருந்தும் ஒரு மாநகரமே ஒருநாள் முழுதும் அதைப் பேசிற்று.

போர்விமானத்தின் முழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் நீங்கள், பயணி விமானத்தின் முழக்கத்தை மட்டும் பொறுக்க மாட்டீரோ என்று ஒருவர் வினவலாம். அகாதெமியின் நிழலில் வாழும் கடக்வாஸ்லா மக்களிடம் இவ்வினாவை எழுப்பின், அவர்களுக்கு விடை சொல்லத் தெரியும். முன்னதன் பயனில் கேட்பவனுக்கும் பங்குண்டு. அவனுடைய வீட்டையும் அது காக்கின்றது. பின்னதன் பயனோ பயணச்சீட்டு வாங்கியவனோடு முடிந்துவிடுகின்றது. அதிர்வு ஒன்றே, ஆனால் ஒன்றில் கேட்பவன் பங்காளி, மற்றொன்றில் அவன் வெறும் தரை.

இனி, கேட்பவர்களின் கருத்தை அறியும் முயற்சி ஒன்று உண்மையாகவே நிகழ்ந்தது. 1964 பிப்ரவரி தொடங்கி ஆறு திங்கள் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரின் மீது போர்விமானங்களை ஒலிமிஞ்சிய விரைவில் பறக்கச் செய்து, நாள்தோறும் எட்டு வரையிலான முழக்கங்களாக, 1,253 முழக்கங்களை அம்மக்களின் மேல் இறக்கினர். பின்னர் அவர்களிடம் கருத்துக் கேட்டனர். நாலில் மூன்று பங்கினர் இதனோடு வாழப் பழகிக்கொள்வோம் என்றனர். நாலில் ஒரு பங்கினர் இயலாது என்றனர்.

இந்த நாலில் ஒரு பங்கினரே நம் சிந்தனைக்கு உரியவர். பெரும்பான்மை பொறுத்துக்கொண்டது என்பதால் சிறுபான்மையும் பொறுக்கவேண்டும் என்பது வரி விதிப்பதற்கும் சாலை அமைப்பதற்கும் பொருந்தலாம். ஆனால் அங்கெல்லாம் பெரும்பான்மையினர் சுமப்பது தமக்குப் பயன்தரும் சுமை. இங்கே பொறுப்போம் என்றவரும் பயணம் செய்பவரல்லர்; பொறோம் என்றவரும் பயணம் செய்பவரல்லர். பயணம் செய்யும் மூன்றாமவருக்காக ஒருவன் பொறுமை காட்டுவது அவனுடைய பெருந்தன்மை. தன் பெருந்தன்மையைத் தன் அண்டைவீட்டான் சார்பிலும் அவன் வழங்கிவிட முடியுமா? உறங்கும் குழந்தை திடுக்கிட்டு எழுவதையும், இதயநோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வதையும் வாக்கெடுப்பில் கழித்துவிட நமக்கு மனம் வரவில்லை. உடைந்த கண்ணாடிக்கு ஈட்டுத்தொகை கொடுக்கலாம். கலைந்த உறக்கத்திற்கு எந்த அளவையால் அளந்து கொடுப்பது?

தமிழில் 'கேள்' என்னும் வினை ஒலியைச் செவியில் ஏற்பதையும் குறிக்கும்; ஒருவரிடம் வினவி இசைவு பெறுவதையும் குறிக்கும். ஓக்லஹோமாவில் முதல் பொருளில் மக்கள் கேட்ட பின்னரே, இரண்டாம் பொருளில் அவர்களிடம் கேட்கப்பட்டது. வரிசை மாறிப்போயிற்று.

எதிர்த்தரப்பில் வலிவான வாதங்கள் இல்லாமலில்லை. அவற்றுள் நம்மை உண்மையாகவே தடுமாறச் செய்வது, தொலைவில் வாழும் மக்களைப் பற்றியது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு விரைவின் அருமை தெரியாதா? தந்தி என்ற ஒன்று இருந்த காலத்தில், ஊரிலிருந்து வரும் அந்தத் தாள் சில மணி நேரத்தில் புனேயை அடைந்துவிடும். நாம் ஊரை அடைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, திண்ணையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் வீட்டினுள் நுழைந்தவர்கள் இச்சங்கத்தில் எத்தனையோ பேர். இன்று லண்டனிலும் டொரான்டோவிலும் வாழும் பிள்ளைக்கும் அதே தவிப்புத்தான். ஆறு மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் தாயின் முகத்தைப் பார்த்திருப்பேன் என்று ஒருவன் கூறும்போது, அந்த ஆறு மணி நேரத்தை ஆடம்பரம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை இங்கே நினைக்கத் தோன்றுகின்றது. சச்சந்த மன்னன் ஏறி விளையாடுதற்கு அதனைச் செய்வித்தானல்லன். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அழிவு நெருங்கிய வேளையில், கருவுற்றிருந்த விசயையை ஏற்றி அனுப்புதற்கே அது பயன்பட்டது. அது இறங்கிய இடம் சுடுகாடு. சீவகன் பிறந்ததும் அங்கேதான். உயிர் காக்கும் விரைவுக்கு இலக்கியத்தில் இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. (அகாதெமி மாணவர் படகுப் பயிற்சி பெறும் இந்நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதிக்கும் மயிலின் பெயரே வாய்த்திருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.)

ஆயினும் அந்தப் பிள்ளையின் துன்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவனுக்குக் காலம் போனது வானத்திலா? செய்தி கிடைத்ததும் விடுப்புக்கு மேலதிகாரியைத் தேடியதில் சில மணி நேரம். கையில் இருக்கும் பணத்திற்கேற்ற இருக்கை கிடைக்காமல் போனதில் ஒரு பகல். குடியேற்றத் தாள்கள் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததில் இன்னும் ஒரு நாள். நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்திற்காகக் காத்திருந்ததில் ஓர் இரவு. கான்கார்டின் கட்டணம் சாதாரணக் கட்டணத்தின் பல மடங்காயிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணுங்கால், தாயின் முகம் காணத் தவிப்பவனுக்காக அந்த விமானம் காத்திருக்கவில்லை என்பது விளங்கும். இவ்வளவும் எதற்கு? கடக்வாஸ்லாவிலிருந்து லோஹகாவ் விமான நிலையத்திற்குச் செல்ல நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடியைக் கடக்கவேண்டும். அட்லாண்டிக்கின் மேல் மிச்சம் பிடிக்கும் நேரத்தில் பாதியைச் சிங்ககட் சாலையின் மாலை நெரிசல் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது வாதம், இன்று செல்வர்க்கு உரியது நாளை அனைவர்க்கும் ஆகும் என்பது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விமானப் பயணமே ஒரு காலத்தில் அரசர்க்கும் பெருவணிகர்க்கும் உரியதாயிருந்தது; இன்று வளைகுடாவிற்குச் செல்லும் கட்டடத் தொழிலாளியும் அதில்தான் செல்கின்றான். அவ்வாறே இதுவும் ஆகாதோ? ஆகலாம் என்று நம்புவதற்கு இதுவரை கண்ட வரலாறு இடந்தரவில்லை. கான்கார்டு இருபத்தேழு ஆண்டுகள் பறந்தும் அதன் கட்டணம் எளியோர் பக்கம் இறங்கவே இல்லை. காரணம் முதலாளியின் பேராசை மட்டுமன்று. இயற்கையும் உடன் நின்றது. ஒலியை மிஞ்சியவுடன் காற்றின் எதிர்ப்பு மிகுகின்றது. அதனை வெல்ல எரிபொருள் வேண்டும். அட்லாண்டிக்கைக் கடக்க, கான்கார்டு ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ ஒரு டன் எரிபொருளைச் செலவிட்டது. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2018இல் வெளியிட்ட ஆய்வும், புதிதாக வரவிருக்கும் இவ்வகை விமானங்கள் பயணி ஒருவர்க்குச் சாதாரண விமானத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு எரிபொருளை உண்ணும் என்றே மதிப்பிட்டது. அந்தப் புகை முழக்கத்தைப் போல் நூறு கிலோமீட்டரோடு நிற்பதன்று. அது கடலோரச் சிற்றூர்வரை செல்லும். இன்னும் பிறவாதவர்வரை செல்லும். அவர்களிடம் எவ்வாறு கேட்பது?

புதியவர்களின் முயற்சியை இகழ்வது நம் நோக்கமன்று. எக்ஸ்-59ஐ வடிவமைத்தோர், முழக்கத்தை அடக்கும் வழியைத் தேடினர். அதன் மூக்கு மட்டுமே மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அழுத்த அலைகள் ஒன்றுசேர்ந்து இடியாகாமல் பிரிந்து தேயும்படி அந்த உடலைச் செதுக்கியுள்ளனர். இருபதடி தொலைவில் கார்க் கதவைச் சாத்தும் ஒலியளவே தரையில் கேட்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அந்த நீண்ட மூக்கினால் ஓட்டுநர்க்கு முன்புறம் பார்க்கும் கண்ணாடியே இல்லை. ஒளிப்படக்கருவி காட்டும் திரையைப் பார்த்தே ஓட்டவேண்டும் என்பது ஒரு சுவையான செய்தி. பூம் நிறுவனத்தாரின் வழி வேறு. ஒலியைச் சற்றே மிஞ்சிய விரைவில், போதிய உயரத்தில் பறந்தால், கீழுள்ள வெப்பமான காற்று அந்த அலையைத் தரையைத் தொடவிடாமல் மேல்நோக்கி வளைத்துவிடும். 2025 ஜனவரியில் அவர்கள் விமானம் மும்முறை ஒலியைக் கடந்தும் தரையில் முழக்கம் கேட்கவில்லை. நிலத்தின் மேல் மெல்ல மிஞ்சுவது, கடலின் மேல் ஒலியைப்போல் 1.7 மடங்கில் விரைவது என்பது அவர்கள் திட்டம். யுனைடெட் ஏர்லைன்ஸ் 2021இலேயே பதினைந்து விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இவற்றில் நம் நெஞ்சைத் தொட்டது பொறியியலின் நுட்பத்தைக் காட்டிலும் நாசாவின் திட்டத்தில் உள்ள ஒரு பகுதி. எக்ஸ்-59ஐ ஊர்களின் மேல் பறக்கவிட்டு, அம்மக்கள் கேட்டது என்ன, அது அவர்களுக்கு எப்படியிருந்தது என்று வினவி அறிந்து, அதன் பின்னரே விதியை வகுக்க உதவுவது என்பது அத்திட்டம். ஓக்லஹோமாவின் பாடம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் வினவி முடியுமுன்னரே தடையை நீக்கும் ஆணை பிறந்துவிட்டது. மீண்டும் வரிசை மாறியது.

கடக்வாஸ்லாவில் வாழ்வோர்க்கு இந்த வரிசை மாற்றம் புதியதன்று. 1879இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணைக்கு மேலே பான்ஷெட் அணை எழுந்தது. முதன்முறையாக நீர் தேக்கிய அந்தப் பருவத்திலேயே, 1961 ஜூலை 12ஆம் நாள் அது உடைந்தது. இறங்கி வந்த வெள்ளத்தைத் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முத்தா ஆற்றங்கரையில் இருந்த புனேயின் பேட்டைகள் நீரில் மூழ்கின. எந்த நாளில் நீரைத் தேக்குவதென்று மேலே முடிவு செய்தவர்கள் வேறு; கீழே காலையில் அடுப்பு மூட்டியிருந்தவர்கள் வேறு. அணை பொதுநலத்திற்காகவே எழுந்தது; இந்நகரம் இன்றளவும் அந்த நீரைத்தான் குடிக்கின்றது. அத்தகைய பொதுச்செயலிலேயே கீழிருப்பவரைக் கேளாமல் விரைந்ததன் விலை இது. சிலருடைய நேரத்திற்காக மட்டும் எழும் செயலில் எத்துணைக் கவனம் வேண்டும்?

இம்முழக்கத்தை ஒரு வெள்ளத்தோடு ஒப்பிடுவது மிகை என்று நண்பர் ஒருவர் கூறினார். மிகைதான், ஒத்துக்கொள்கின்றோம். வெள்ளம் உயிரைக் கொண்டுபோகின்றது, முழக்கம் உறக்கத்தைக் கொண்டுபோகின்றது. நாம் ஒப்பிடுவது சேதத்தையன்று, கேளாமையை.

ஆகவே நம் நிலை இதுவே. கடலின் மேல் விரைவோரை நாம் தடுக்க நினைக்கவில்லை. அங்கும் மீன்பிடிப்போர் உளர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நிலத்தின் மேல் பறப்பதாயின், முழக்கம் தரையைத் தொடாது என்பது பாலைவனத்தில் மட்டுமின்றி நம் மண்ணின் வெயிலிலும் மழைக்காற்றிலும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே, வழியில் வாழும் மக்களை முன்னதாகக் கேட்ட பின்னரே, இசைவளித்தல் தகும். நாலில் ஒருவர் இயலாது என்றால், அவருக்காக வழியைச் சற்று வளைத்துக்கொள்ளட்டும். விரைந்து செல்வோர்க்கு அது சில நிமிடங்களே.

இருட்டத் தொடங்கிவிட்டது. சோளக்கதிர் விற்பவள் கரியின் மேல் நீரைத் தெளித்து அணைக்கின்றாள். அவள் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை என்று முன்னொரு நாள் நம்மிடம் கூறியதுண்டு. அகாதெமிப் பக்கத்திலிருந்து வந்த கிளைடர் ஒன்று நீரின் மேல் தாழ்ந்து திரும்புகின்றது. அவள் இடுப்பிலிருந்த பேரக்குழந்தை அதற்குக் கையசைத்துவிட்டு, மீண்டும் அவள் தோளில் சாய்ந்து உறங்குகின்றது.